நிலவறையில் நின்றுபோன கிளாஸ்

எமிலியான் என் மனைவி லிலியாவின் தம்பி. இருபத்து நான்கு வயது. போன நவம்பரில் மிக்கேல் சம்மனசு திருநாளுக்காக இத்தாலியிலிருந்து மல்தோவாவுக்கு, எங்கள் ஊருக்கு வந்திருந்தான். இனி ஒரு கிளாஸ் ஒயின் குடித்தாலும் அவன் செத்துப்போகலாம் என்பது எனக்கும் லிலியாவுக்கும் மட்டுமே தெரியும். அவன் அப்பா ஸகாரியாவுக்குத் தெரியாது. திருநாளன்று மத்தியானம் நிலவறையில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கப்போகிறவர் அவர்தான்.

எங்கள் ஊர் நிலவறைகளில் எத்தனை பேர் கூடினாலும் கிளாஸ் ஒன்றுதான். வீட்டுக்காரர் கூஜாவிலிருந்து ஊற்றி முதலில் தான் குடிப்பார். பிறகு நிரப்பிப் பக்கத்திலிருப்பவர் கையில் கொடுப்பார். அவர் காலி செய்து திருப்பித் தந்தால்தான் அடுத்தவருக்குப் போகும். ஒருவன் தயங்கினால் மற்ற எல்லோரும் தொண்டை காயக் காத்திருக்க வேண்டும். நிரம்பிய கிளாஸைக் கீழே வைப்பது வழக்கமில்லை. வேண்டாம் என்கிறவனுக்கு அந்த வீட்டோடு ஏதோ மனத்தாங்கல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எமிலியான் எப்படிக் குடிக்கப் பழகினான் என்பதைக் கூட இருந்தே பார்த்தவன் நான். பன்னிரண்டு வயதில், விருந்தாளி வந்தால் நிலவறைக்கு ஓடுவது அவன் வேலை. பீப்பாய்க்குள் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சினால்தான் ஒயின் கூஜாவுக்கு இறங்கும். முதல் வாய் உறிஞ்சுகிறவனுக்கு. அதை யாரும் குடி என்று நினைக்கவில்லை. பதினைந்து வயதில், திராட்சை பறித்து முடித்த நாளில், பெஞ்சில் நகர்ந்து அவனுக்கும் இடம் விட்டார்கள். அன்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு தலைநகரில் தொழிற்பள்ளி விடுதி. அவன் அம்மா மினிபஸ் டிரைவரிடம் உருளைக்கிழங்கோடும் பாலாடைக்கட்டியோடும் ஐந்து லிட்டர் ஒயின் கேன் ஒன்றையும் கொடுத்தனுப்புவாள். மற்றப் பையன்களின் வீடுகளிலிருந்தும் கேன்கள் வரும். அறையில் கிளாஸ் கிடையாது. ஊறுகாய் ஜாடி சுற்றி வந்தது.

இத்தாலியில் தரைக்கு ஓடு பதிக்கும் வேலை. மத்தியானச் சாப்பாட்டில் அங்கே ஆளுக்கொரு கிளாஸ், அதுவும் பாதிதான்.

“மீதிய மூடி வெச்சுட்டாங்க அத்தான்! பாதி பாட்டில அப்படியே மூடி வெச்சுட்டாங்க!” என்று போனில் சிரித்தான். வாரம் முழுவதும் அந்தப் பாதி கிளாஸோடு நிறுத்தினான், குறையாகவும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் எங்கள் ஊர்ப் பையன்கள் கூடுவார்கள். பிளாஸ்டிக் கிளாஸ் ஒன்று சுற்றும். பொழுது சாயும்போது அவனுக்குத் தன் செருப்பு எது என்று தெரியாது.

அதே வாய், அதே வாரம். பழக்கம் என்பது மனிதனுக்குள் இருக்கிறதா, அவன் உட்காரும் வட்டத்தில் இருக்கிறதா என்று நான் யோசித்ததுண்டு. முழுப் பழியையும் வட்டத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. கை நீட்டி வாங்கியவன் அவன்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், பதிக்க எடுத்த ஓடு கையில் இருக்கும்போதே சுருண்டு விழுந்தான். கணையம் வீங்கிப்போயிருந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் பிழைப்பாய் என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

“அப்பாகிட்ட சொல்லிடு” என்று லிலியா எத்தனையோ முறை சொன்னாள்.

“என்னன்னு சொல்றது? அப்பா, உன் ஒயின்தான் என்னைப் படுக்க வெச்சுதுன்னா?” என்பான் எமிலியான்.

திருநாளன்று கோயிலிலிருந்து வந்ததும் ஆண்கள் நிலவறைக்கு இறங்கினோம். ஸகாரியா, அவர் தம்பி நிகிஃபோர், பக்கத்து வீட்டுத் தெரென்தெ, நான், எமிலியான். ஸகாரியா குடித்தார். நிகிஃபோர் குடித்தார். நான் குடித்தேன். கிளாஸ் மறுபடி நிரம்பி எமிலியானுக்கு நேரே நீண்டது.

அவன் கையை முழங்காலிலிருந்து எடுக்கவில்லை. “எனக்கு வேணாம்ப்பா.”

“ஏன்டா, ஊசி போட்டிருக்கியா?” என்றார் நிகிஃபோர். “இல்ல, இத்தாலிக்காரி எவளாவது சத்தியம் வாங்கிட்டாளா?”

“யார் மேல கோபம்?” என்றார் ஸகாரியா. நீட்டிய கை அப்படியே நின்றது.

“மாமா, அவன் பங்க நான்...” என்று ஆரம்பித்தேன்.

“உன் பங்கு வந்தாச்சு. நீ குடிச்சாச்சு.”

“சட்டுனு முடிடா தம்பி, எனக்கு நாக்கு ஒட்டுது” என்றார் தெரென்தெ.

எமிலியான் கிளாஸை வாங்கினான். உதடு வரை கொண்டுபோனான். அந்த வாசனை அவனுக்கு எவ்வளவு பழகியதென்று எனக்குத் தெரியும். ஒரு விழுங்கு போதும், எல்லோரும் சிரித்துவிடுவார்கள்.

“இது என்னைக் கொன்னுடும்ப்பா” என்றான் மெதுவாக. “ஆஸ்பத்திரில கெடந்தேன். டாக்டர் சொல்லிட்டாரு.”

“என் ஒயினா?”

“எந்த ஒயினும்.”

“இதுல சர்க்கரை கெடையாது, மருந்து கெடையாது. எங்கப்பா குடிச்சாரு. நான் குடிக்கிறேன்.” அவர் குரல் உயரவில்லை. மகன் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கினார். வைக்க இடமில்லாமல் ஒரு நொடி தவித்தார். பிறகு அவரே குடித்துவிட்டு, நிரப்பித் தெரென்தெயிடம் கொடுத்தார்.

இரண்டாவது சுற்று வந்தது. எமிலியானின் முறையில் ஸகாரியா அவனைப் பார்க்காமல் மறுபடி அவரே குடித்தார். முகம் கன்றியிருந்தது. சுற்றுக்கு இரண்டு. மகன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வரை அவருக்கு இரண்டு. எழுந்து போனால் அப்பனோடு பகை என்று ஊர் சொல்லும்.

மூன்றாவது சுற்றுக்குக் கூஜா சாய்ந்தபோது எமிலியான் எழுந்து படியேறினான்.

“போயிட்டார் துரை” என்றார் நிகிஃபோர். ஸகாரியா கூஜாவைப் பிடித்தபடியே நின்றார்.

அவன் திரும்பி வந்தான். கையில் தட்டு. அதில் அம்மாவின் கண்ணாடி அலமாரியில் கல்யாணத்திலிருந்து தொடாமல் இருந்த தங்க விளிம்புக் கிளாஸ்கள் ஐந்து. அப்பா கையிலிருந்த கூஜாவை வாங்கி நான்கில் ஒயின் ஊற்றினான். ஐந்தாவதில் செர்ரிப் பழம் வேகவைத்த சாறு ஏற்கெனவே இருந்தது. ஆளுக்கொன்று கொடுத்தான்.

“இதென்ன, இத்தாலிக்கார ஓட்டலா?” என்றார் தெரென்தெ. ஆனால் வாங்கிக்கொண்டார்.

சிறிது நேரம் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தெரென்தெ கிளாஸை முழங்காலில் வைத்துக்கொண்டு தன் பசுவின் கால்புண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு வெகுதூரம் போனது. என் கிளாஸில் பாதி அப்படியே இருந்தது. நிகிஃபோர் மட்டும் தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார். அவருக்கு எந்த வட்டமும் தேவைப்படவில்லை. ஆகவே தனித்தனிக் கிளாஸ்களைப் பெரிதாகப் புகழ மாட்டேன்.

ஸகாரியா தன்னுடையதைத் தொடவேயில்லை. எல்லோரும் எழுந்தபோது அதைக் கூஜாவில் திருப்பி ஊற்றினார். பழைய கிளாஸை வழக்கம்போலப் பீப்பாய் மேல் கவிழ்த்து வைத்தார்.

“ஒண்ணும் உடையாம மேல கொண்டு போ. உங்கம்மா கத்துவா” என்றார்.

எமிலியான் தட்டோடு முன்னே ஏறினான். பாதிப் படியில் அவர் கேட்டார்: “ரொம்ப வலிச்சுதா?”

“ரொம்ப.”

“எங்க?”

கையில் தட்டு இருந்ததால் அவன் முகவாயால் காட்டினான். “நெஞ்சுக்குழிக்குக் கீழ. அப்படியே முதுகுக்குப் போகும்.”

ஸகாரியா கோட்டுக்குள் கையை விட்டு, தன் வயிற்றில் அதே இடத்தை அழுத்திப் பிடித்தபடி மீதிப் படிகளை ஏறினார். அந்தக் கை அந்த இடத்தைத் தேடவில்லை; பல நாள் பழகிய இடம்போல நேரே போனது.