திரை சொன்ன ‘இல்லை’

சிதம்பரத்தில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு ஜாவா நிரல்மொழியில் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நோயாளியின் அலர்ஜி விவரத்தைத் தேடும் ‘மெத்தட்’ என்ற நிரல்துண்டு, ‘ஆப்ஷனல்’ என்ற வகையில் விடையைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். விவரமே பதிவாகாமலும் இருக்கலாம் என்று அது காட்டும். நானோ சோம்பலில் விவரம் பதிவாகாதபோதும் காலிப் பட்டியலையே அனுப்பும்படி எழுதிவிட்டேன். அலர்ஜி உண்டா என்று கேட்கப்படாதவர்களுக்கும் திரையில் “அலர்ஜி இல்லை” என்றே வந்தது.

முதுநகரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டதும் மூச்சுத் திணறியது. டாக்டர் ஓடிவந்து காப்பாற்றினார்.

மறுநாள் போனபோது நர்ஸ் அக்கா அழுதுகொண்டிருந்தார். “இல்லைன்னுதான் போட்டிருந்துச்சு தம்பி. இருந்தாலும் அவுங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். என் தப்புதான்.”

தலையாட்டிவிட்டு உட்கார்ந்து மெத்தடை மாற்றினேன். இப்போது “தெரியாது, கேட்கவும்” என்று வருகிறது.

“இது நல்லாருக்கு தம்பி. என்னாட்டம் இன்னொருத்தி தப்பு பண்ணமாட்டா” என்றார்.

அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தவன் நான்.