அரை ரிப்பேர்

அன்று வீட்டில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். அவள் தம்பி, பெண்ணாடத்தில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்ப்பவன், காலை பஸ்ஸில் வந்திருந்தான். என் மகள் இருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. வேறு யாரும் இல்லை.

வருஷம் எழுபத்திரண்டாக இருக்கலாம். எழுபத்து மூன்றாகவும் இருக்கலாம். விருத்தாசலத்தில் எனக்குப் பீங்கான் வேலை. ப்யூஸ் கேரியர் அச்சில் அடிப்பேன். ஞாயிறு லீவு.

மகளுக்குக் காது கேட்காது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். அதைப் பற்றி நானும் மனைவியும் அதிகம் பேசியதில்லை.

வீட்டில் ஒரு ஆம்ப்ளிபயர் இருந்தது. ரயில்வே காலனியிலிருந்து மாற்றலாகிப் போன ஒருவர், ரெக்கார்டு பிளேயர், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் சேர்த்து எனக்கு விற்றுவிட்டுப் போனார். கண்ணாடி வால்வு போட்டது. மச்சான் அதை ஹை-ஃபை என்பான். ஓரம் உடைந்து கழித்துப் போட்ட பீங்கான் கட்டைகளைக் கொண்டுவந்து, அவற்றின் மேல் நிறுத்தியிருந்தேன்.

ஷிப்டு முடிந்து வந்து சுவிட்சைப் போடுவேன். வால்வு சிவக்கும் வரை மகள் பார்த்துக்கொண்டே நிற்பாள். சிவந்ததும் ஓடிப்போய் ஸ்பீக்கர் பெட்டியில் கன்னத்தை வைப்பாள். கொஞ்ச நேரத்தில் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். ம் என்று, ஒரே நீளமாக. மற்ற நேரம் அவள் போடும் சத்தம் கரடுமுரடாக இருக்கும். இது அப்படி இல்லை. பாட்டு எப்படியோ அவளுக்குள் போகிறது, அவளும் பாடுகிறாள் என்று நினைத்தோம். மனைவி அடுப்பை விட்டு வந்து நின்று கேட்பாள்.

எந்த ரெக்கார்டு வைத்தாலும் மகள் பாட்டு ஒன்றுதான். அதை நாங்கள் யோசிக்கவில்லை.

பெட்டியில் இரைச்சல் முதலிலேயே உண்டு. போகப் போக அதிகமாயிற்று. பாட்டு அடியில் போய்விட்டது. மச்சானை வரச் சொன்னேன்.

பின்பக்கம் கழற்றினான். தகர டப்பா போல ஒரு கண்டென்சர், டம்ளர் உயரம், தலை உப்பிக் கிடந்தது.

"மாமா, இது இன்னும் வெடிக்காம இருக்குதே, நீங்க கும்பிட்ட சாமிதான்."

அது கரண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு சீராக விட வேண்டும். அதன் மேல் ஒரு எண் இருக்கும். எண் பெரிதானால் இரைச்சல் குறையும். அதில் முப்பத்திரண்டு என்று போட்டிருந்தது. கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே தங்கி இருக்கும், தொட்டால் அடிக்கும். மச்சான் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதை வெளியேற்றினான். பட்டென்று பொறி வந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள் பொறியைப் பார்த்துச் சிரித்தாள்.

புது முப்பத்திரண்டு வைத்தான். கூட இருந்த சின்னக் கண்டென்சர்களையும் மாற்றினான். நான் டார்ச் பிடித்தேன். ரெக்கார்டு வைத்தோம். நாதஸ்வரம். இரைச்சல் சுத்தமாக இல்லை.

"கேளுங்க மாமா. வாசிக்கிறவரு மூச்சு வுடுறது கூட கேக்குது."

கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மகள் இறங்கி வந்து கன்னத்தை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். மச்சான் சத்தத்தைக் கூட்டினான். தவில் அடித்ததும் அவள் முகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ரெக்கார்டு முடிந்தது. அவள் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பெட்டி மேல் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பெட்டி சும்மா இருந்தது.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"அவ கேட்டது பாட்டு இல்லீங்க," என்றாள். "அந்த இரைச்சலு."

மச்சான், "அத எடுக்கத்தானே என்னைய வரச் சொன்னீங்க?" என்றான்.

"பழசையே வச்சிடுடா."

"வெடிக்கும்க்கா. இவ மூஞ்சிய வேற அங்கதான் வைக்கிறா."

மனைவி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப இனிமே பாட மாட்டா," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். உள்ளே போனாள். உடனே திரும்பி வந்தாள்.

"ஏன்டா, அரை ரிப்பேர் பண்ண முடியாதா?"

"அரை ரிப்பேரா? ஏங்க்கா, மூணு வருசமா இந்தத் தொழில்ல இருக்கிறேன். முழுசா பண்ணியே நாலு பேரு திட்டுறான்."

"சும்மா சொல்லு. முடியுமா முடியாதா?"

மச்சான் தலையைச் சொறிந்தான். பையைத் துழாவினான். ஒரு சின்னக் கண்டென்சரை எடுத்தான். கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவருடைய ரேடியோவுக்கு வாங்கி வைத்திருந்ததாம். புதுசு. சூடாகாது, வெடிக்காது. எண் மட்டும் குறைவு.

"நீங்களே வைங்க மாமா. நான் வச்சேன்னு தெரிஞ்சா கடையில சேக்க மாட்டான்."

பெரியதைக் கழற்றி, சின்னதை நான் வைத்தேன். ஈயம் வைக்கும்போது மச்சான் டார்ச் பிடித்தான். ரெக்கார்டு எதுவும் வைக்கவில்லை. சுவிட்சை மட்டும் போட்டேன். வால்வு சிவந்தது. பெட்டி இரைந்தது.

மகள் நம்பவில்லை. முதலில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை. கண்ணை மூடிக்கொண்டாள். ம் என்று ஆரம்பித்தாள்.

மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மச்சான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடி சுற்றினான்.

"போயிட்டு வரேன் மாமா," என்றவன் சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம்தான் போனான்.

பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நாள் கேட்டார். "என்னங்க, பெட்டியில வண்டு பூந்துக்கிச்சா?" ஆமாம் என்பேன். மகள் கல்யாணமாகிப் போகும் வரை அதை மாற்றவில்லை.

அந்த இடத்தில் போட வேண்டியது முப்பத்திரண்டு. நான் போட்டது எட்டு.