பன்னிரண்டு மைல் நாட்டில் ஒரு மேலதிகக் கிழமை

ஞாயிறு காலை ஆறு மணி, மெல்பேர்ண் விமான நிலையம். மருமகன் சிவா கிளேட்டன் வீட்டிலிருந்து காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்கு ஓடினான். நான் போவது பசிபிக் சமுத்திரத்தில் தனிநாடான நவுறுத் தீவுக்கு. மனைவியின் தம்பி இராசன் அங்கே கணக்கு ஆசிரியர். "நாலு நாள் வந்து பாருங்கோ அத்தான்" என்று மூன்று கடிதம் போட்டிருந்தான். விமானம் ஞாயிறு போய், வியாழன் திரும்பும். கிழமைக்கு ஒன்றுதான்.

போகலாமா என்ற யோசனை இருந்தது. மகள் வதனிக்குப் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு கிழமை என்று டொக்டர் சொல்லியிருந்தார். தாயில்லாத பிள்ளை, அவளுக்காகத்தான் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தேன். "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம் அப்பா. ஆஸ்பத்திரி வாசலில ஒரு கதிரையில இருந்தாக் காணும்" என்றாள். வியாழன் பின்னேரம் வீட்டில் நிற்பேன் என்று சொல்லிப் புறப்பட்டேன்.

கொழும்புத் துறைமுகச் சுங்கத்தில் முப்பத்துநான்கு வருடம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் இறங்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீற்றர் வடக்கே, சமுத்திரத்தில் யாரோ தவறவிட்ட தொப்பிபோல ஒரு நிலம் தெரிந்தது. ஓடுபாதையை ஒட்டியே வீதி போகிறது. நாங்கள் இறங்கும் வரை கார்களை மறித்து வைத்திருந்தார்கள். ஒரு காரின் பின் இருக்கையில் பன்றிக்குட்டி ஒன்று ஜன்னலால் எட்டிப் பார்த்தது. வரவேற்புக் குழு அவ்வளவுதான்.

இந்த நாட்டில் வீதி ஒன்று. தீவைச் சுற்றி வரப் பன்னிரண்டு மைல், அரை மணி நேரம். ஆனாலும் வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது. தீவின் நடுவில் உரமண்ணை வெட்டி எடுத்து விற்கிறார்கள், வரி கிடையாது. பழுதான காரைத் திருத்துவதில்லை, நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். நல்ல தண்ணீரை உரம் ஏற்ற வரும் கப்பல்கள் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவருகின்றன. நான் கிளேட்டனில் குடித்த தண்ணீர் எனக்கு முன்னரே வந்து சேர்ந்திருக்கிறது போலும். கடையில் ஒரு முட்டைக்கோவா ஒரு டொலர் இருபது சதம். கையில் எடுத்து, விலையைப் பார்த்து, மரியாதையாகத் திருப்பி வைத்தேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு விமான அலுவலகத்துக்குப் போனேன். திரும்பும் இருக்கையை எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி. மேசையில் எலிசா என்ற உள்ளூர்ப் பெண். பயணச்சீட்டைப் புரட்டிப் பார்த்து, "வியாழக்கிழமை போகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். படியிறங்கும்போது "போறன்" என்ற சொல் எங்கள் வாயில் வராது. அறுபத்திரண்டு வயதுவரை வராதது ஆங்கிலத்தில் மட்டும் எப்படி வரும்? "ஐ வில் கம்" என்றேன். "சரி, வாருங்கள்" என்று சீட்டைத் திருப்பித் தந்தாள். உறுதிப்படுத்தியதற்கான சிறு துண்டு ஒட்டப்படவில்லை என்பதைக் கவனித்தேன். சின்ன நாடு, பசை தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை இராசன் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். மரச்சட்டத்தில் கரிய பெரிய கடற்பறவைகள் வீட்டுக் கோழிபோல உட்கார்ந்திருந்தன. காட்டுப் பறவையைப் பிடித்து, மீன் கொடுத்துப் பழக்குவது இங்கே ஆண்களின் கௌரவம். உண்பதற்கு வேறொரு பறவை. நீண்ட தடியில் வலை கட்டி, அதன் குரலிலேயே கூப்பிட்டுப் பிடிக்கிறார்கள். ஆங்கிலப் பெயர் 'நொடி'. எங்களூரில் நொடி என்றால் விடுகதை, அவிழ்ப்போம்; இவர்கள் உரிக்கிறார்கள். சுட்டுத் தந்ததைத் தின்று பார்த்தேன். கருவாடு கோழியாகப் பிறந்ததுபோல இருந்தது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

வியாழன் காலை எட்டு மணி. பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றேன். எலிசாவின் பட்டியலில் என் பெயர் இல்லை. விமானம் நிறைந்துவிட்டது.

"உறுதிப்படுத்தத் திரும்ப வருவீர்கள் என்று புதன்கிழமை வரை இருக்கையைப் பிடித்துவைத்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள். "வருவேன் என்றீர்கள். வரவில்லை."

"போகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்."

"போவதென்றால் போகிறேன் என்று சொல்லலாமே?"

இராசன் குறுக்கே வந்து, எங்கள் ஆட்கள் புறப்படும்போது வருகிறேன் என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினான்.

"அப்படியானால் வரும்போது என்ன சொல்வீர்கள்?"

"அதற்கும் வருகிறேன்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏறியவர்களில் யாராவது இறங்குவார்களா என்று விமானத்துக்குள் போய்க் கேட்டுவந்தாள். ஒருவரும் இறங்கவில்லை.

"சுங்கத்தில பெரிய ஐயாவாய் இருந்த ஆள், ஒரு துண்டைக் கேட்டு வாங்கேல்லையோ அத்தான்?" என்றான் இராசன், பெட்டியைக் காரில் திரும்ப ஏற்றிக்கொண்டு.

சனி பின்னேரம் தந்தி வந்தது: பெண் குழந்தை, இருவரும் சுகம். டொக்டரின் இரண்டு கிழமை ஆறு நாளில் முடிந்துவிட்டது.

புதன் காலை பத்து மணிக்கு, வதனி வீடு திரும்பிய பிறகு, தொலைபேசி நிலையத்திலிருந்து பேசினேன். மூன்று நிமிடம் நாலு டொலர் ஐம்பது.

"ஆர் பிள்ளை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது?"

"பக்கத்து வீட்டு மரியா அன்ரி. அவ இத்தாலியனில அழ, நான் தமிழில அழ, ஒரு மாதிரிப் போய்ச் சேந்தம்."

"சிவா?"

"வேலையில. வந்து சேர ரெண்டு மணித்தியாலம். அதுக்குள்ள முடிஞ்சுது."

"நான் அங்க நிண்டிருக்க வேணும்."

பரவாயில்லை அப்பா என்பாள் என்று காத்திருந்தேன். கம்பியில் இரைச்சல்தான் கேட்டது.

"ஓம்" என்றாள்.

நேரம் முடிந்தது என்று தொலைபேசிக்காரி குறுக்கிட்டாள்.

அடுத்த நாள், இரண்டாவது வியாழன், இருக்கை கிடைத்தது. கடற்பறவைகள் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்ததை ஜன்னலால் பார்த்தேன்; இந்தமுறை எழுதிவைக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் படிவத்தைத் தானே நிரப்பினார், இரண்டு இடத்தில் பிழையாக. நான் பேனாவை எடுக்கவில்லை. மெல்பேர்ணில் மழை. வெறும் வீதியில் சிவப்பு விளக்குக்கு மூன்று கார்கள் பொறுமையாக நின்றன.

வதனி கதவைத் திறந்தாள். கண்ணின் கீழே கறுத்திருந்தது. கை கழுவச் சொன்னாள். கழுவினேன். கதிரையில் இருக்கச் சொன்னாள். இருந்தேன். ஐந்து நாள் வயதான ஒரு மூட்டையை என் கையில் வைத்து, "தலையைப் பிடியுங்கோ" என்றுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அவள் எழும்ப இரவு எட்டு மணியாயிற்று. அதுவரை நான் கையை மாற்றவில்லை.