ஞாயிற்றுக்கிழமைப் புகை

காய்ச்சல் விட்டுப் போனபோது மாமாவின் மோப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தது. மூன்று வாரம் அவருக்கு எதுவும் மணக்கவில்லை. பூண்டு மணக்கவில்லை, சோப்பு மணக்கவில்லை, அத்தை வேண்டுமென்றே மூக்குக்கு நேரே பிடித்த அழுக்குச் சாக்ஸும் மணக்கவில்லை. பிறகு ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு திரும்பிக் கேட்டார்.

“என்ன எரியுது?”

எதுவும் எரியவில்லை. அத்தை இன்னும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை.

நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால், மாமா என் பெயரை விட்டுவிட்டு ‘டிகிரி’ என்றே கூப்பிடுவார். அதில் பெருமை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மாமாவுக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலை. அறுத்த பச்சைப் பலகைகளை ஓர் அறையில் அடுக்கி, நீராவிக் குழாய்களின் சூட்டில் பத்து நாள் காயவைப்பார்கள். அந்த உலர்த்தும் அறை இருபத்திரண்டு வருடமாக மாமாவின் பொறுப்பு. உள்ளே சூடு, வெளியே மரத்தூள். ஒரு பொறி போதும். எங்கேயாவது கருகினால் முதலில் தெரிய வேண்டியது மாமாவின் மூக்குக்கு. தெரிந்தால் சுவரில் இருக்கும் மணியை அடிக்க வேண்டும்.

புகை வாசனை வந்த பிறகு அவர் இரண்டு முறை மணியடித்தார். இரண்டு முறையும் மில்லே நின்றது. காய்ந்த பலகைகள்மீது குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். நெருப்பு இல்லை. இரண்டாவது முறை சூப்பர்வைசர், வயதில் இளையவர், மாமாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம்.

“அண்ணே, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் மேல பதில் சொல்ல முடியாது. நீங்க கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்.”

அன்றிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. அறைக்குப் பின்னாலேயே எட்டுப் பேர் பலகைகளை இழைத்துக்கொண்டிருப்பார்கள். மணியடித்தால் வேலை போகும். அடிக்காமல் இருந்து, அது நிஜமாகவே நெருப்பாக இருந்துவிட்டால்?

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமா பின்முற்றத்தில் டிரம்மைக் கொண்டுவந்து வைத்தார். எண்ணெய் வந்த பழைய இரும்பு டிரம். அதை நெடுக்கில் அறுத்து, கீல் வைத்து மூடி போட்டு, உள்ளே கம்பி வலை கட்டி, ஒரு பக்கம் சின்னப் புகைபோக்கியும் செருகியிருந்தார். மூடியில், கம்பி கறிக்குள் இறங்கும்படி, வெப்பமானி ஒன்று. மில்லில் கழித்துப்போட்டது.

“வேலைக்குப் போனாலும் மரம், வீட்டுக்கு வந்தாலும் மரம்,” என்றாள் அத்தை. “என்னை எதுக்குக் கட்டினீங்க? ஒரு நல்ல பலகையாப் பார்த்துக் கட்டியிருக்கலாம்.”

“பலகை இவ்வளவு பேசாது,” என்றார் மாமா.

சனிக்கிழமை மாலையே பன்றியின் தோள்கறியில் உப்பும் மிளகும் பூண்டும் தேய்த்து வைத்துவிடுவார். ஞாயிறு விடியும்போது ஒரு மூலையில் கரியைப் பற்றவைத்து, அதன்மேல் கொய்யாக் கட்டை இரண்டு. கறி நெருப்புக்கு மேலே இருக்காது. எதிர் மூலையில், புகை கடந்து போகும் வழியில் இருக்கும். முதலில் அடர்த்தியாக வெள்ளைப் புகை வரும். அதில் கறியை வைத்தால் கசந்துவிடும் என்பார். காத்திருக்க வேண்டும். பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய நீலப் புகை வரும்போதுதான் கறி உள்ளே போகும். அதற்கப்புறம் எட்டு மணி நேரம். கொழுப்பு உருகிச் சொட்டும் சத்தம், அவ்வப்போது ஒரு கட்டை, பக்கத்தில் ஒரு நாற்காலி. மாலையில் மூடியைத் திறந்தால் கறி நிலக்கரி நிறத்தில் இருக்கும். விரலால் பிரித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, நார் நாராக வரும். அந்தக் கறுத்த மேல்தோலுக்காக நானும் அத்தையும் வெட்கமில்லாமல் சண்டை போடுவோம்.

மாமா அதிகம் சாப்பிட மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவார், அவ்வளவுதான். வாரம் முழுக்கத் தூக்கியே இருந்த தோள்கள் அன்றைக்கு மட்டும் இறங்கியிருக்கும். எனக்குப் புரிய நான்கு ஞாயிறு ஆயிற்று. அவர் கறிக்காக நெருப்பு மூட்டவில்லை. நாள் முழுக்க அவர் மூக்கில் இருக்கும் புகைக்கு ஒரு நாளாவது ஒரு நெருப்பு வேண்டியிருந்தது.

புரிந்ததும் சும்மா இருந்திருக்கலாம். படித்தவள் ஆயிற்றே. போனில் தேடிப் படித்துவிட்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“மாமா, இது நிறைய பேருக்கு வருதாம். மோப்பம் போய்த் திரும்பி வரும்போது இல்லாத வாசனையெல்லாம் வருமாம். மூளை பண்ற வேலை. பயப்பட ஒண்ணுமில்ல.”

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், “சரி டிகிரி. அப்போ நெஜமா எரிஞ்சா எனக்கு எப்படித் தெரியும்?”

நான் மறுபடி போனில் தேடினேன்.

பதிலைக் கண்டுபிடித்தவர் மாமாதான். மற்ற வாசனைகள் அரைகுறையாகத் திரும்பியிருந்த நேரம். டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சும்மா மூக்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். கொய்யாப் புகை நின்றுவிட்டது. கறி வாசனை நின்றுவிட்டது. இன்னொரு புகை மட்டும், மூக்கை அடைத்த பிறகும், உள்ளே அப்படியே இருந்தது.

“பிடிச்சா போறது வெளியில இருக்கிறது. போகாதது என்னோடது,” என்றார். அவ்வளவு சுலபமான கணக்கு. நான்கு வருடம் அறிவியல் படித்த எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து மில்லில் அவர் அதைத்தான் செய்தார். புகை வரும். மூக்கைப் பிடிப்பார். வாசனை போகாது. வேலையைப் பார்ப்பார். எட்டுப் பேரும் அவருக்கு ‘மூக்குப்பிடி’ என்று பெயர் வைத்தார்கள். மாமா கண்டுகொள்ளவில்லை. ஏழு மாதம் மணி அடிக்கவில்லை. அத்தைகூட, “மனுஷன் தேறிட்டாரு” என்றாள்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது.

நண்பகல். எட்டு மணி நேரத்தில் நடுவே ஒரு கட்டம் வரும். அதுவரை ஏறிக்கொண்டிருந்த கறியின் சூடு திடீரென்று ஏறாமல் நின்றுவிடும். எவ்வளவு கட்டை போட்டாலும் பிரயோசனமில்லை. கறி வியர்த்து, தன்னைத்தானே குளிர்த்திக்கொள்கிறது என்பார் மாமா. செத்த கறி வியர்ப்பது எனக்கு எப்போதும் என்னவோ போலிருக்கும். அன்றும் வெப்பமானியின் முள் ஒரே இடத்தில் நின்றது. காற்றும் இல்லை. மாமா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார்.

“இது கொய்யா இல்ல.”

“என்ன மாமா?”

“பைன். பிசினோட எரியுது.” மூக்கைப் பிடித்தார். விட்டார். மறுபடியும் பிடித்தார். அவர் முகம் வெளுத்தது. “போயிடுது டிகிரி. பிடிச்சா போயிடுது.”

நான் இழுத்து மோந்தேன். கொய்யாவும் பன்றிக் கொழுப்பும் தவிர எதுவுமில்லை. எங்கள் டிரம்மில் பைன் மரம் இல்லை, தெருவிலேயே இல்லை. அது இருந்தது மில்லின் உலர்த்தும் அறையில். மில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் இருபது நிமிடம். ஞாயிறானதால் ஆளில்லை. அறை மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

“அவருக்குப் போன் பண்ணட்டுமா?” என்று கேட்டார். சூப்பர்வைசரைச் சொன்னார். போன் செய்தால் அதுவே மூன்றாவது மணி.

“நானே போய்ப் பாத்துட்டு வந்துடுறேன். சாவி என்கிட்ட இருக்கு. நீ மூடியைத் திறக்காத.”

அவர் போன பிறகு நான் டிரம்மோடு தனியாக இருந்தேன். புகைபோக்கியிலிருந்து நீலப் புகை எழுந்து, ஓர் ஆள் உயரத்தில் கலையாமல் நின்றது. முள் அசையவில்லை. உள்ளே எதுவோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அத்தையைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது?

ஒரு மணி நேரத்துக்கெல்லாம் மாமா திரும்பினார். சிரித்துக்கொண்டு வந்தார்.

“ஒண்ணுமில்ல. உள்ள போய் ஒவ்வொரு அடுக்கா தொட்டுப் பாத்துட்டேன். எல்லாம் ஒழுங்கா இருக்கு. வாசனையும் நின்னுடுச்சு.”

நாற்காலியில் உட்கார என்னைக் கடந்து போனார். அப்போது எனக்கு வந்தது. அவர் சட்டையிலிருந்து, காட்டமாக, பிசின் எரிந்த புகை. தொண்டை கமறும் அளவுக்கு. நான் என் மூக்கைப் பிடித்தேன். போய்விட்டது. விட்டேன். வந்தது.

அத்தை துணி எடுக்க வெளியே வந்தவள் நின்றாள். “எந்த நெருப்புல போய் நின்னீங்க? சட்டை இப்படி நாறுது.”

மாமாவின் சிரிப்பு நின்றது. அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஆமாவா, டிகிரி?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தைக்குக் கொய்யாப் புகையே அப்படித்தான் தெரியும் என்று சிரித்து மழுப்பியிருந்தால் அவர் என்னை நம்பியிருப்பார். நான் சொன்னால் நம்புவார், அதுதான் எங்கள் வீட்டில் என் பட்டத்தின் மதிப்பு. அவர் வேலை என் நாக்கில் இருந்தது. மில்லில் நாளை வந்து நிற்கப்போகும் எட்டுப் பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

“ஆமா மாமா,” என்றேன்.

அவர் போன் செய்தார். சூப்பர்வைசர் இரண்டு ஆட்களோடு வந்து நீராவியை நிறுத்தி, அடுக்குகளைப் பிரித்து, குழாய்களுக்குப் பின்னால் டார்ச் அடித்து, கூரைத் தகடுவரை பார்த்தார். ஒரு பலகைகூடக் கருகியிருக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் உழைத்ததற்காக, லாரியில் பலகை ஏற்றும் பகுதிக்கு மாற்றினார்கள். உலர்த்தும் அறையின் சாவி வேறொருவர் கைக்குப் போயிற்று. ‘நெட்டை’ என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ள, திடமான ஆள். அடுத்த இரண்டு ஞாயிறும் மாமா டிரம்மைத் திறக்கவில்லை. நானும் சாப்பிடும் நேரம் தவிர மாடியிலேயே இருந்தேன். உண்மையைச் சொன்னேனா, அல்லது எனக்கு மணந்ததைச் சொன்னேனா? இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு மாமா மறுபடி டிரம்மைப் பற்றவைத்தார். மாலையில் மூடியைத் திறந்து, கறியைப் பலகையில் வைத்துப் பிரித்துக்கொண்டே, அன்றைய வானிலையைச் சொல்வது போலச் சொன்னார்.

“நேத்து நெட்டை வந்து கேக்குறான். ‘அண்ணே, அந்த ரூமுக்குள்ள எப்பவுமே இப்படிப் புகை அடிக்குமா?’ன்னு.”

அத்தையின் கை தட்டில் நின்றது. எனக்கு ஒரே ஒரு நல்ல விளக்கம் பாக்கி இருந்தது.

“அவருக்கும் காய்ச்சல் ஏதாவது வந்துச்சா மாமா?”

“கேட்டேன்,” என்றார் மாமா. எலும்பைத் திருகினார். அது சத்தமில்லாமல், ஒரு நார்கூட ஒட்டாமல் வெளியே வந்தது. “தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லயாம்.”