பிடுங்கிய பீஸ் கட்டை

நெடுஞ்செழியன் அண்ணனைக் கஞ்சன் என்றால் அம்சம் அண்ணி சண்டைக்கு வந்துவிடுவார். கஞ்சன் இல்லைதான். எதுவும் சும்மா ஓடக் கூடாது அவருக்கு. வயலில் தண்ணீர் பாய்ந்ததும் மோட்டரை நிறுத்துவதோடு விடமாட்டார். பீஸ் கட்டையையும் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டுதான் வீடு திரும்புவார். அப்புறம் எவன் சுவிட்சைப் போட்டாலும் மோட்டர் அசையாது. மாமியார் செத்த அன்றைக்கும் கட்டை மடியில் இருந்தது. நானே பார்த்தேன்.

போன வருஷம் கை மரத்து, வாய் கோணி, எப்படியோ பிழைத்தார். “அடுத்த தடவை நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்துடணும்” என்று டாக்டர் எச்சரித்தார். சிங்கப்பூரிலிருந்து மகள் பூர்ணிமா வாட்ச் ஒன்று அனுப்பினாள். அதன் பொத்தானை அழுத்தினால், சட்டைப்பையில் கிடக்கும் போனில் தூங்குகிற ஆப்பை வாட்ச் எழுப்பும். உடனே எனக்கும் அவளுக்கும் போன் அடிக்கும்.

தூங்குகிற ஆப் என்பதுதான் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“வைரக்கண்ணு, நான் மூடுனாலும் உள்ள ஓடுதாம்டா. பேட்டரியைக் குடிக்காதா?”

“மூடுறது கதவைச் சாத்துற மாதிரிண்ணே. கழுத்தைப் புடிச்சு நிறுத்தவும் ஒரு எடம் இருக்கு. குடுங்க இப்புடி.”

செட்டிங்ஸுக்குள் போய் நிறுத்திக் காட்டினேன். டீக்கடையில் நாலு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

“அட, நம்ம பீஸ் கட்டை!” என்று அண்ணன் சிரித்தார்.

குறுவைக்குத் தண்ணீர் வைக்கப் போனவர் மோட்டர் கொட்டகை வாசலில் விழுந்துவிட்டார். சோறு கொண்டுபோன அண்ணி பார்த்தபோது மணி ஒன்று. எட்டேகாலிலிருந்து பதினொரு தடவை அழுத்தியிருக்கிறார் என்று வாட்ச் பிற்பாடு சொன்னது. அந்த நேரமெல்லாம் என் போன் என் கையில்தான் இருந்தது; ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ரம்மி ஆடிக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வலப்பக்கமும் பேச்சும் இல்லாமல் திரும்பினார். ஓடி வந்த பூர்ணிமா போனைக் குடைந்தாள்.

“யாரோ உள்ள போயி நிறுத்தியிருக்காங்க சித்தப்பா. திரும்பக் கையால தொறக்குற வரைக்கும் வாட்ச் எத்தனை தடவை கூப்பிட்டாலும் இது எந்திரிக்காது. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதே?”

“தானா ஏதாச்சும் ஆயிருக்கும்மா” என்றேன்.

கட்டிலிலிருந்து அண்ணன் என்னையே பார்த்தார். இடது கையைத் தூக்கினார். காற்றில் எதையோ பிடித்து வெடுக்கென்று இழுத்தார். மறுபடியும் இழுத்தார். 

“இப்பவும் மோட்டர் நெனப்புதான்” என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கட்டையைப் புடுங்கியாச்சான்னு கேக்குறாரு. நீங்களாவது சொல்லுங்க தம்பி.”

“புடுங்கியாச்சுண்ணே” என்றேன்.

அவர் கையை இறக்கவில்லை.