பஸ் வாசலில் நான் போட்ட கோடு

1. விசில்

முற்றுகையில் இருந்த அந்த ஊரின் பள்ளி மைதானத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், விசில் ஊதியது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் தரையில் விழுந்து படுத்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் குண்டுச் சத்தத்தில் இருந்தவர்கள். எங்கள் டிரைவர் செல்வம், காவாந்தண்டலத்துக்காரன், ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே சொன்னான்: "அத பாக்கெட்ல போடுண்ணா. இது இன்னா வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டா?"

அந்த விசில் உத்திரமேரூரிலிருந்து கொண்டுபோனது. காஞ்சிபுரம் ரூட்டில் பதினொரு வருடம் பிரைவேட் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, வளைகுடாவில் ஒரு பஸ் கம்பெனிக்கு டிரிப் சூப்பர்வைசராகப் போயிருந்தேன். பக்கத்து நாட்டில் சண்டை. சிக்கிக்கொண்ட மக்களை வெளியே கொண்டுவர ஒரு நிவாரண அமைப்பு எங்கள் பஸ்களைக் கேட்டது. யார் போகிறீர்கள் என்றபோது கையைத் தூக்கினேன். வீட்டில் மல்லிகாவிடம் லாங் டிரிப் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை.

2. கோடு

சண்டை போடும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டது இதுதான்: முதல் நாள் பெண்கள், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், முதியவர்கள். மற்ற ஆண்கள் விசாரணைக்காகப் பள்ளிக் கட்டடத்தில் இருக்க வேண்டும். வாசலில் துப்பாக்கியோடு ஆட்கள். உள்ளே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நிவாரண அமைப்பின் பாதுகாப்பு அதிகாரி ஓர் அம்மா. காலையிலேயே எங்களை நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்: பலரிடம் அடையாளச் சீட்டு எரிந்துபோயிருக்கும், வயதைத் தாயிடம் கேள், சொன்னதை எழுது, சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு, நீயாக முடிவு எடுக்காதே. நான் பலமாகத் தலையாட்டினேன்.

பத்து நிமிடத்தில் வரிசை நெருக்கியது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. எங்கள் ரூட்டில் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தகராறு வந்தால் பிள்ளையை வாசல் கம்பி ஓரம் நிறுத்திப் பார்ப்போம். அதையே செய்தேன். சாக்பீஸ் எடுத்து, என் தோள் உயரத்துக்கு வாசலில் ஒரு கோடு. பெண் பிள்ளைகளை அளக்கவே இல்லை, அவர்கள் எப்படியும் ஏறலாம். பையன்களை மட்டும் அளந்தேன். கோட்டுக்குக் கீழே இருந்தால் பஸ், மேலே போனால் பள்ளிக் கட்டடப் பக்கம். வரிசை சர்ரென்று நகர்ந்தது. மெமோ வராது, பாராட்டுத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவதாகக் கோட்டைத் தாண்டிய பையன் நான்கு விரல்கடை அதிகம். அந்தப் பக்கம் கை காட்டினேன். ஒரு காவலாள் அவன் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனான். இரண்டு பெண் குழந்தைகளோடு ஏற்கெனவே சீட்டில் உட்கார்ந்திருந்த அவன் தாய், குழந்தைகளை இடுப்பிலும் கையிலுமாக இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சீட் போய்விடும், ஏறம்மா என்று நான் அதட்டினேன். அவள் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொல்ல, எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சில்தான் அது காதில் விழுந்தது, இன்றும் அப்படித்தான் விழுகிறது.

"அவனுக்குப் பதினொண்ணு. கடவாப் பால்பல்லு இன்னும் வுழல, வாயத் தொறந்து பாரு. நீ கோட்டப் பாக்குற, புள்ளயப் பாக்க மாட்டேன்ற."

அவள் பஸ்ஸின் முன்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். சத்தம் கேட்டு அதிகாரி வந்தார். கோட்டைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கத்தவில்லை. ஆயுதம் எடுக்காத ஆணும் பொதுமக்கள்தான், சட்டம் அவனையும் சேர்த்துத்தான் காக்கிறது என்றார். ஆணாகப் பிறந்தாலே சந்தேகம் என்று இவர்கள் போட்ட ஒப்பந்தம் அதில் பாதியைத் தின்றுவிட்டது, மிச்சத்தை நீ சாக்பீஸால் தின்றாய் என்றார். இதுவரை எத்தனை பேரை அனுப்பினாய் என்று கேட்டார்.

இவனோடு நான்கு பேர்.

பெயர்?

நான் எழுதவில்லை. பஸ்ஸில் ஏறியவர்கள் பெயரைத்தான் எழுதியிருந்தேன். கண்டக்டர் ஏறாதவன் பெயரை எழுதுவதில்லை.

3. மூன்று பேர்

அவர் பள்ளிக் கட்டடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் வாதாடினார். செல்வம் இன்ஜினை நிறுத்தவில்லை. நான் சட்டைக் கையால் கோட்டை அழித்தேன். அது அழியாமல் பட்டையாகத் தேய்ந்தது.

மூன்று பையன்களோடு திரும்பினார். பதினொரு வயதுக்காரன் தாயைப் பார்த்ததும்தான் அழுதான். அவள் அவன் வாயைத் திறந்து பல்லை எனக்குக் காட்டிவிட்டு ஏறினாள். மற்ற இருவரையும் உறவினர்கள் வந்து பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரு பையன் தனியாக வந்தவன் போலிருக்கிறது. அவனைக் கேட்க யாரும் இல்லை. உள்ளே பெயர் சொல்லித்தான் தேட முடிந்தது. பச்சைச் சட்டை என்று மட்டும் எனக்கு நினைவிருந்தது. சட்டையை வைத்து ஆள் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதிகாரி அதற்குப் பிறகும் பல முறை கேட்டு எழுதினார். பதில் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அன்று சாயங்காலம் எல்லை தாண்டி டவர் கிடைத்ததும் மல்லிகாவுக்கு போன் போட்டேன். தம்பி இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்டேன். என் மகனுக்கு அப்போது பதின்மூன்று.

"இன்னா கேள்வி இது? உங்க சட்டதான் போட்டுக்கினு கீறான். தோள் சரியா நிக்கிது."

என் தோள். எந்த உயரத்தில் கோடு போட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வரிசையில் என் மகன் நின்றிருந்தால் அவனையும் அந்தப் பக்கம்தான் அனுப்பியிருப்பேன். போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். செல்வம் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான்.

இப்போது உத்திரமேரூரிலிருந்து ஃபேக்டரிக்குப் போகும் பெண்களின் கம்பெனி பஸ்ஸுக்கு நான்தான் இன்சார்ஜ். தினமும் பெயர் கேட்டு எழுதுகிறேன். வராதவர்களையும் பஸ்ஸை விட்டவர்களையும் தனிப் பக்கத்தில் எழுதுகிறேன். "ரெண்டு வருசமா ஏறிக்கினு கீறேன், இன்னும் எம் பேரு தெரியாதாண்ணா?" என்று சிரிக்கிறார்கள். தெரியும். இருந்தாலும் சொல்லம்மா என்கிறேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: யாரையாவது ஏற்ற முடியாமல் போனால், முதலில் அவர் பெயரை எழுதுங்கள். பச்சைச் சட்டை என்று சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.