வசூலுக்குப் போன இடத்தில் குடித்தனம்

வீட்டுக்கடன் வசூலிக்கும் குமாஸ்தாவைக் கண்டால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். எழுபதுகளில் திருவள்ளூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. தவணை கட்ட முடியாமல் விழித்தவர்கள் உங்களில் இருப்பார்கள். கேட்க முடியாமல் விழித்தவன் கதையையும் கேளுங்கள்.

ஏல நோட்டீஸ்

மணவாள நகரில் முனுசாமி என்பவர் வீட்டுக்கு நோட்டீஸ் கொண்டுபோனேன். கடம்பத்தூர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த ஆலையை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கறாராகப் பேச வேண்டுமென்று சைக்கிளில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் மனைவி குப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை என்னிடமே நீட்டி, படிக்கச் சொன்னார். "பதினைந்து நாளில் கட்டத் தவறினால் வீடு ஏலம் விடப்படும்" என்ற வரியில் என் குரல் கம்மிவிட்டது. அந்த அம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"மெதுவா படி சார். ஊடு போவப்போறது எங்களுக்கு. நீ இன்னாத்துக்கு நடுங்கற?"

மனு

அங்கேயே உட்கார்ந்து, ஆறு மாத அவகாசம் கேட்டு முனுசாமி பேரில் மனு எழுதினேன். முன் அறையை வாடகைக்கு விட்டு, வருவதைத் தவணையில் கட்டுவதாகவும் சேர்த்தேன். என் எழுத்து என்று தெரியாமலிருக்க எல்லா எழுத்தையும் இடப்பக்கம் சாய்த்து எழுதியிருந்தேன். முனுசாமி கையெழுத்துப் போட்டார்.

சங்கத்துச் செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். பத்து நாளில் அறைக்கு ஆள் வந்தால் அவகாசம் உண்டு என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நோட்டீஸ்ல நீ பண்ண அதே எழுத்துப்பிழைய முனுசாமியும் பண்ணியிருக்காரேய்யா."

முன் அறை

ஆலை மூடிக் கிடக்கும்போது அந்தப் பக்கம் யார் குடிவருவார்கள்? தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் பெட்டி படுக்கையோடு நானே போய்க் குடியேறினேன்.

மாதாமாதம் என் வாடகை நேரே தவணைக்குப் போயிற்று. அவகாசம் முடிவதற்குள் ஆலையும் திறந்தது. முனுசாமி பாக்கியைக் கட்டி, வீட்டை மீட்டுக்கொண்டார். அன்று குப்பம்மா எனக்கும் ஒரு தட்டில் கேசரி வைத்தார். அதற்குப் பிறகுதான் தங்கை கல்யாணத்தில் என் கை காலியாகி, இரண்டு மாத வாடகை நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனுசாமி என் அறை வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடகை கேக்கலாம்னு வந்தேன் சார். வாய் வரமாட்டேங்குது, பேஜாரா கீது. தெனிக்கும் இந்த வேலைய நீ எப்டி சார் செய்யற?"

இருபது வருட உத்தியோகத்தில் நான் ஒரு வீட்டையும் ஏலத்துக்கு அனுப்பவில்லை, பதவி உயர்வும் ஒருமுறைகூட என்னைத் தேடி வரவில்லை.